குழூஉக்குறியும் பொதுப் பார்வையாளரும்: தமிழில் கிரிக்கெட் சொற்கள் பொருள் உணர்த்தும் முறை

ஆய்வுச் சுருக்கம்

விளையாட்டுக் கலைச்சொற்கள் குறித்த தமிழ் ஆய்வுகளில் கடன்சொல்லா, ஆக்கச்சொல்லா என்னும் வினாவே பெரிதும் முன்னிற்கிறது. விளையாட்டை முறையாகக் கற்காத பொதுப் பார்வையாளரின் புரிதலை அளவுகோலாகக் கொண்டு கிரிக்கெட் சொற்களை இக்கட்டுரை அணுகுகிறது. அறிமுகமற்ற சொல்லைக் காட்டிலும் அறிமுகமான சொல்லே மிகுதியான மயக்கத்தை விளைவிக்கிறது என்பதும், அம்மயக்கத்தைத் தனிச்சொல்லைவிடத் தமிழ்த் தொடரமைப்பு செம்மையாக நீக்கவல்லது என்பதும் சான்றுகளுடன் இங்கு விளக்கப்படுகின்றன. தமிழகம், இலங்கை ஆகிய இரு நிலப்பகுதிகளின் வழக்குகளும் ஒப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குழூஉக்குறி, ஆகுபெயர், கலைச்சொல்லாக்கம், வேற்றுமைப் பொருள், விளையாட்டு இதழியல்

முன்னுரை

தமிழர் வாழும் நிலப்பகுதிகளில் கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்ப்போரின் தொகை பெரிது. அவர்களுள் ஆட்ட விதிகளை முறையாகக் கற்றவர் சிலரே. வீட்டார் பார்க்கும்போது உடனிருந்து பார்ப்பவரும், நாளிதழின் கடைசிப் பக்கத்தில் ஆட்ட முடிவை மட்டும் படிப்பவரும், பேருந்தில் அருகிலிருப்பவரிடம் 'என்ன ஸ்கோர்?' என்று கேட்டறிபவருமே பெரும்பான்மையர். இவர்களையே இக்கட்டுரை பொதுப் பார்வையாளர் என்று குறிப்பிடுகிறது. ஆட்டம் இவர்களுக்கு முதன்மையாகச் சொற்களின் வழியாகவே வந்து சேர்கிறது. வானொலி நேர்முக வருணனைக் காலத்தில் இது முற்றிலும் உண்மையாக இருந்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் தமிழ் வருணனையைக் கேட்டவர்கள் களத்தைக் காணவில்லை. சொற்களைக் கொண்டே களத்தை மனத்தில் அமைத்துக்கொண்டனர்.

கலைச்சொல் ஆய்வுகள் பொதுவாக ஒரு சொல்லின் தோற்றத்தையும் தூய்மையையும் கருத்திற்கொள்கின்றன. அச்சொல்லைக் கேட்பவர் எதனை விளங்கிக்கொள்கிறார் என்னும் வினா அந்த அளவுக்கு எழுப்பப்படுவதில்லை. ஒரு சொல் தமிழாக இருந்தும் தவறான பொருளைத் தரக்கூடும். அயற்சொல்லாக இருந்தும் ஐயத்திற்கு இடமின்றி வழங்கக்கூடும். இவ்வேறுபாட்டைப் பிரித்தறிவது கலைச்சொல்லாக்கத்திற்கு இன்றியமையாதது.

1. விளையாட்டுச் சொல்லும் குழூஉக்குறியும்

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. ஒரு குழுவினர் ஒரு பொருளின் வழக்கமான பெயரை நீக்கித் தமக்குள் வேறொரு பெயரால் வழங்குவது குழூஉக்குறியாகும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று வழங்கியதை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. 'பறி' என்பது அனைவரும் அறிந்த தமிழ்ச்சொல். அதன் பொருளை அறியாதவர் இலர். ஆயினும் பொற்கொல்லர் பட்டறையில் அது பொன்னைக் குறிக்கும்போது, புறத்தே நிற்பவர் சொல்லை அறிந்தும் பொருளை அறியாதவராகிறார்.

விளையாட்டுச் சொற்களின் இயல்பும் இதுவே. பொற்கொல்லரின் குழூஉக்குறி பொருளை மறைப்பதற்காக அமைந்தது. விளையாட்டுச் சொல்லுக்கு அந்நோக்கம் இல்லை. இருப்பினும் விளைவு ஒத்ததாகவே உள்ளது. 'கூக்ளி' என்னும் சொல்லைக் கேட்கும் புதியவர் அதன் பொருள் தமக்குத் தெரியாது என்பதை உடனே உணர்கிறார், வினவுகிறார், கால் திருப்பப்பந்து வீச்சாளர் அதே கையசைவுடன் எதிர்த்திசையில் திரும்புமாறு வீசும் பந்து என்று அறிந்துகொள்கிறார். 'ஓட்டம்', 'சராசரி', 'வித்தியாசம்' ஆகிய சொற்களைக் கேட்கும்போது அவர் வினவுவதில்லை. அச்சொற்கள் தமக்குத் தெரிந்தவை என்று கருதுகிறார். மயக்கம் தொடங்கும் இடம் இதுவேயாகும்.

2. ஒரு சொல், பல பொருள்: 'விக்கெட்'

கிரிக்கெட்டின் அடிப்படைச் சொல்லான 'விக்கெட்' குறைந்தது நான்கு பொருள்களில் வழங்குகிறது. முதலாவது, மூன்று குச்சிகளும் அவற்றின்மேல் வைக்கப்படும் இரு சிறு கட்டைகளும் சேர்ந்த அமைப்பு. இரண்டாவது, ஒருவர் ஆட்டமிழத்தல்: 'மூன்று விக்கெட் விழுந்தது'. மூன்றாவது, இரு முனைகளுக்கும் இடைப்பட்ட 22 கெச நீளமுள்ள நிலப்பகுதி: 'விக்கெட் பந்துவீச்சுக்குச் சாதகமாக உள்ளது'. நான்காவது, இன்னும் ஆட்டமிழக்காது எஞ்சியிருக்கும் வாய்ப்பு: 'கைவசம் 6 விக்கெட் உள்ளது'.

இந்நான்கும் ஒன்றிலிருந்து ஒன்று ஆகுபெயராகக் கிளைத்தவை. குச்சி அமைப்பின் பெயர் அது தகர்க்கப்படும் நிகழ்ச்சிக்கு ஆகிவந்தது. பின்னர், குச்சிகள் தகர்க்கப்படாமல் பந்து பிடிக்கப்பட்டு ஒருவர் வெளியேறும்போதும் அதே பெயர் நிலைத்தது. அதே பெயர் அவ்வமைப்பு நிற்கும் நிலத்துக்கும் ஆகிவந்தது. ஆட்டத்தில் பழகியவர் இப்பெயர்ப்புகளை உணராமலேயே கடந்துவிடுகிறார். புதியவருக்கு, 'விக்கெட் விழுந்தது' என்னும்போது குச்சி எதுவும் விழாதிருப்பது வியப்பளிக்கிறது.

தமிழ் ஆக்கச்சொற்கள் இவ்விடத்தில் பெரும் பயன் தந்துள்ளன. நிலப்பகுதிக்கு 'ஆடுகளம்', நிகழ்ச்சிக்கு 'ஆட்டமிழப்பு' என்னும் சொற்கள் நிலைபெற்றதால், ஆங்கிலத்தில் ஒரு சொல் சுமக்கும் பொருள்கள் தமிழில் பிரிந்து நிற்கின்றன. 'ஆடுகளம் சுழற்பந்துக்கு ஒத்துழைக்கிறது', 'மூவர் ஆட்டமிழந்தனர்' என்னும் தொடர்கள் புதியவருக்கும் விளக்கம் வேண்டாதவை.

எனினும், சில தமிழ் எழுத்துகளில் விக்கெட்டுக்கு வழங்கும் 'இலக்கு' என்னும் சொல் வேறொரு சிக்கலை உண்டாக்குகிறது. குச்சி அமைப்பைப் பந்துவீச்சாளரின் குறியாகக் கருதும்போது இச்சொல் பொருத்தமானதே. ஆனால், இரண்டாவதாக ஆடும் அணி எட்ட வேண்டிய ஓட்ட எண்ணிக்கைக்கும் 'வெற்றி இலக்கு' என்பதே நிலைபெற்ற வழக்கு. 'மூன்று இலக்குகளை வீழ்த்தினார்', 'இலக்கை எட்டினார்' ஆகிய இரு தொடர்களில் பெயர்ச்சொல் ஒன்றே; வீழ்த்துதல், எட்டுதல் என்னும் வினைகளே பொருளைப் பிரித்துக் காட்டுகின்றன.

3. அறிந்த சொல் தரும் மயக்கம்

3.1 ஓட்டம்

'ரன்' என்பதற்கு 'ஓட்டம்' நேரான பெயர்ப்பாகும். இரு மட்டையாளர்கள் இடம் மாறி ஓடி எதிர்முனையை அடைவதால் பெறும் எண் ஓட்டமாகும். ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் ஓடாமலேயே நான்கும், தரையில் படாமல் கடந்தால் ஆறும் கிடைக்கின்றன. பந்துவீச்சாளர் எட்ட முடியாத அகலத்தில் வீசினாலும் எதிரணிக்கு ஓர் ஓட்டம் சேர்கிறது. ஆகவே, 'ஓட்டம்' என்பது வினையின் பெயராகத் தோன்றினும் நடைமுறையில் அளவையின் பெயராகவே நிற்கிறது.

தமிழ்ப் பேச்சுவழக்கு இதனை நுட்பமாக உணர்ந்துள்ளது. 'ஒரு ரன் ஓடினார்' என்னும் தொடர் உண்மையில் ஓடியபோது மட்டுமே வழங்குகிறது. பொதுவில் 'ரன் எடுத்தார்', 'ரன் சேர்த்தார்', 'ரன் குவித்தார்' என்பனவே வழக்கு. எடுத்தலும் சேர்த்தலும் குவித்தலும் பொருளைத் திரட்டும் வினைகள். இவ்வினைகளே 'ரன்' ஓர் எண்ணென்பதைக் கேட்பவருக்கு உணர்த்திவிடுகின்றன.

3.2 சராசரி

பள்ளிக் கணக்கில் சராசரி என்பது மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்துப் பெறுவது. ஒருவர் பத்து இன்னிங்சில் 400 ஓட்டம் எடுத்தால் அவரது சராசரி 40 என்று பொதுப் பார்வையாளர் கணக்கிடுவது இயல்பு. மட்டையாட்டச் சராசரியோ ஆடிய இன்னிங்சுகளால் அன்றி, ஆட்டமிழந்த முறைகளால் வகுக்கப்படுகிறது. டொனால்டு பிராட்மன் டெஸ்ட் ஆட்டங்களில் 80 இன்னிங்சில் 6,996 ஓட்டங்கள் எடுத்தார். அவற்றுள் 10 முறை அவர் ஆட்டமிழக்கவில்லை. ஆகவே, 6,996 ஐ 70 ஆல் வகுத்துப் பெறும் 99.94 அவரது சராசரியாகப் போற்றப்படுகிறது. இன்னிங்சுகளால் வகுத்தால் 87.45 மட்டுமே கிடைக்கும். 'சராசரி' என்னும் சொல் ஐயத்தை எழுப்பாததால் இவ்வேறுபாடு கவனத்திற்கு வருவதில்லை.

'ஸ்டிரைக் ரேட்' என்னும் கடன்சொல் இதற்கு மறுதலையானது. மட்டையாளருக்கு அது நூறு பந்துக்கு எடுத்த ஓட்டங்களின் அளவு, மிகுவது சிறப்பு. பந்துவீச்சாளருக்கு அது ஒரு விக்கெட்டுக்கு வீசிய பந்துகளின் அளவு, குறைவது சிறப்பு. கடன்சொல்லாகவே நிற்பதால் புதியவர் இதனை வினவியே அறிகிறார்.

3.3 எல்.பி.டபிள்யூ.

'விக்கெட்டுக்கு முன்னே கால்' என்பது இச்சுருக்கத்தின் நேர்ப்பொருள். இவ்விதி 1774 இலேயே இடம்பெற்றுவிட்டது. இதன் பெயரை அறிந்தவர், பந்து காலில் பட்டால் மட்டுமே இது பொருந்தும் என்று கருதுவர். விதியோ மட்டையில் முதலில் படாத பந்து உடலின் எப்பகுதியில் பட்டாலும் பொருந்தும். 1999 டிசம்பரில் அடிலெய்டு டெஸ்டில், கிளென் மெக்ராத் வீசிய பந்துக்குக் குனிந்த சச்சின் டெண்டுல்கரின் தோளில் பந்து பட்டபோது நடுவர் எல்.பி.டபிள்யூ. வழங்கினார். அம்முடிவின் சரி தவறு குறித்த விவாதம் ஒருபுறமிருக்க, தோளில் பட்டதற்குக் காலின் பெயரால் எவ்வாறு ஆட்டமிழக்கச் செய்யலாம் என்று எழுந்த வினா, பெயரை விதியாகக் கொண்டதன் விளைவே.

விதியின் உட்கூறுகளை மூன்று வினாக்களாகப் பகுத்துரைப்பது பொதுப் பார்வையாளருக்கு உதவும். பந்து எங்கே தரையில் பட்டது? லெக் குச்சிக்கு வெளியே பட்டிருந்தால் ஆட்டமிழப்பு இல்லை. பந்து உடலில் எங்கே பட்டது? இரு முனைக் குச்சிகளுக்கும் இடைப்பட்ட நேர்கோட்டில் பட்டிருக்க வேண்டும். மட்டையால் ஆட முயலாதபோது மட்டும் ஆஃப் குச்சிக்கு வெளியே பட்டாலும் பொருந்தும். தடுக்கப்படாவிடில் பந்து குச்சியைத் தாக்கியிருக்குமா? இம்மூன்றாவது வினாவே விதியின் உயிர்நிலை. பெயரில் அதற்கு இடமேயில்லை.

இங்கு வரும் 'ஆஃப்', 'லெக்' என்னும் திசைச்சொற்களும் விளக்கத்திற்குரியன. இவற்றை வலம், இடம் என்று பெயர்ப்பது பிழையாகும். வலக்கை மட்டையாளருக்கு இடப்புறம் லெக் திசை. இடக்கை மட்டையாளருக்கு வலப்புறம் லெக் திசை. மட்டையாளர் மாறும்போது களத்தின் திசைப்பெயர்களும் மாறுகின்றன. ஆற்றோட்டத்தின் போக்கைக் கொண்டே வலக்கரை, இடக்கரை என்று வழங்குவதைப் போன்று, இங்கு நிற்பவரின் நிலையைக் கொண்டே திசை பெயர் பெறுகிறது.

3.4 நேர்ப்பெயர்ப்பின் எல்லை

ஓட்டமெதுவும் கொடுக்காத ஓவரை 'மெய்டன்' என்பர். ஒருவர் முதன்முறையாக அடிக்கும் சதத்தைக் குறிக்கவும் ஆங்கிலத்தில் அதே சொல் வழங்குகிறது. 'கன்னிச் சதம்' என்னும் தமிழாக்கம் கன்னி உரை, கன்னி முயற்சி ஆகியவற்றின் வரிசையில் இயல்பாகப் பொருந்துகிறது. அதே முறையில் 'கன்னி ஓவர்' என்று பெயர்த்தால் ஒருவர் முதன்முறையாக வீசிய ஓவர் என்னும் பிழைபட்ட பொருளே தோன்றும். 'ஓட்டமற்ற ஓவர்' என்பது பொருளை நேராக உணர்த்துகிறது.

ஓட்டமின்றி ஆட்டமிழத்தலைக் குறிக்கும் 'டக்' என்னும் சொல் வாத்து முட்டையின் வடிவம் சுழியத்தை ஒத்திருப்பதிலிருந்து பிறந்தது. தமிழில் 'வாத்து' என்று பெயர்த்தால் பொருள் தராது. ஆனால் தேர்வில் சுழியம் பெறுவதை 'முட்டை வாங்குதல்' என்பது தமிழ் மாணவர் வழக்கு. அயல்மொழிச் சொல்லின் பின்னுள்ள உவமையே தமிழிலும் தனித்துத் தோன்றியிருப்பதால் இவ்விளக்கம் எளிதில் மனத்தில் பதிகிறது.

4. குறியீடுகளும் தமிழ்த் தொடரும்

நாளிதழில் '19.3 ஓவர்' என்று காணும்போது, அதனைப் பதின்ம எண்ணாகப் படிப்பது கற்றவரின் பழக்கம். ஓர் ஓவருக்கு ஆறு பந்துகள் என்பதால் 19.3 என்பது 19 ஓவர்களும் 3 பந்துகளும் ஆகும். கணக்கின்படி அது பத்தொன்பதரை. 19.6 என்னும் குறியீடு வழங்குவதே இல்லை. அது 20 ஆகிவிடும். 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்திய அணி 48.2 ஓவரில் வெற்றி பெற்றது. எஞ்சியவை 10 பந்துகள் என்பதைப் பதின்மக் கணக்கால் அறிய இயலாது. '48 ஓவர் 2 பந்தில்' என்று எழுதுவது இடத்தைச் சிறிது மிகுதியாகக் கொள்ளினும் மயக்கத்திற்கு இடந்தராது.

ஓர் அணியின் நிலையை '277/4' என்று குறிப்பது இந்தியாவிலும் இங்கிலாந்திலும் முறை. ஆஸ்திரேலியாவில் அதனை '4/277' என்று எழுதுவர். குறியீட்டை மட்டும் காண்பவர் எது ஓட்டம், எது விக்கெட் என்பதை எண்ணின் அளவைக் கொண்டே ஊகிக்க வேண்டும். தமிழ் இதழியலில் நிலைபெற்றுள்ள '4 விக்கெட் இழப்புக்கு 277 ரன் எடுத்தது' என்னும் தொடர் இக்குறையை முற்றிலும் களைகிறது. 'இழப்புக்கு' என்பதிலுள்ள நான்காம் வேற்றுமை உருபு ஈடு என்னும் பொருளைத் தருகிறது. 'நூறு ரூபாய்க்கு வாங்கினான்' என்பதில் பணம் ஈடாவதைப் போன்று, இங்கு விக்கெட் ஈடாகக் கொடுக்கப்பட்டு ஓட்டம் பெறப்படுகிறது. கிரிக்கெட்டின் அடிப்படைப் பொருளியலை ஒரு வேற்றுமை உருபு விளக்கிவிடுகிறது. பத்து விக்கெட்டுகளே முதல். அவற்றைச் செலவிட்டு ஓட்டங்களை ஈட்டுவதே ஆட்டம்.

5. வெற்றியை உரைக்கும் தொடர்

ஒரு தொடர் விளக்கவல்லது போலவே மயக்கவும் வல்லது என்பதற்கு '7 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி' என்னும் வழக்கு சான்றாகிறது. 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா 183 ஓட்டங்களும், வெஸ்ட் இண்டீஸ் 140 ஓட்டங்களும் எடுத்தன. '43 ரன் வித்தியாசத்தில் இந்தியா வெற்றி' என்பது நேரான கழித்தல் கணக்கு. இதனைக் கற்ற பொதுப் பார்வையாளர் அதே கணக்கை விக்கெட்டுக்கும் பொருத்துகிறார்.

1996 மார்ச் 17 அன்று லாகூரில் நடைபெற்ற உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 7 விக்கெட் இழப்புக்கு 241 ஓட்டங்கள் எடுத்தது. இலங்கை 3 விக்கெட் இழப்புக்கு 245 ஓட்டங்கள் எடுத்து வென்றது. இரு அணிகளும் இழந்த விக்கெட்டுகளின் வேறுபாடு 4. ஆனால் இலங்கையின் வெற்றி '7 விக்கெட் வித்தியாசம்' என்றே பதிவாகிறது. 2011 இறுதி ஆட்டத்தில் இலங்கை 6 விக்கெட் இழப்புக்கு 274 ஓட்டங்களும், இந்தியா 4 விக்கெட் இழப்புக்கு 277 ஓட்டங்களும் எடுத்தன. இழப்பின் வேறுபாடு 2. இந்தியாவின் வெற்றியோ 6 விக்கெட். வென்ற அணியின் பத்து விக்கெட்டுகளுள் எஞ்சியவையே இவ்வெண்ணாகும். எதிரணி எத்தனை இழந்தது என்பதற்கு இதில் தொடர்பில்லை. 'வித்தியாசம்' என்னும் சொல் இரண்டு அளவுகளின் ஒப்பீட்டை உணர்த்துவதால், இல்லாத ஒப்பீட்டைப் படிப்பவர் தேடத் தொடங்குகிறார்.

இலங்கைத் தமிழ் இதழ்களில் '7 விக்கெட்டுகளால் வெற்றி' என்னும் வழக்கு காணப்படுகிறது. மூன்றாம் வேற்றுமை உருபு வெற்றியின் அளவை உணர்த்துகிறதே தவிர ஒப்பீட்டை வலியுறுத்துவதில்லை. ஆகவே, இது தவறான கணக்கிற்கு வழிவிடாது. எனினும், எஞ்சியவை என்னும் பொருளையும் வெளிப்படக் கூறாது. வருணனையாளர் வழக்கிலுள்ள 'கைவசம்' என்னும் சொல்லைப் பயன்படுத்தி, 'கைவசம் 7 விக்கெட் இருக்க இலக்கை எட்டியது' என்று எழுதினால் பொருள் முழுமையாக விளங்கும்.

6. 'டை', 'டிரா', 'சமநிலை'

கால்பந்தில் இரு அணிகளின் எண்ணிக்கையும் ஒத்திருந்தால் ஆட்டம் சமநிலை. இப்பொருளுடன் டெஸ்ட் கிரிக்கெட்டை அணுகுபவர் அங்கு இரண்டு வகை முடிவுகள் இருப்பதைக் கண்டு திகைக்கிறார். இரண்டு அணிகளின் மொத்த ஓட்டங்களும் ஒத்திருந்து, இறுதியாக ஆடிய அணி தன் விக்கெட்டுகள் அனைத்தையும் இழந்திருந்தால் அது 'டை'. ஆட்டம் நிறைவடையும் முன் காலம் முடிந்துவிட்டால் அது 'டிரா'. டிராவில் ஓட்டங்கள் ஒத்திருக்க வேண்டியதில்லை; நூற்றுக்கணக்கில் வேறுபடவும் கூடும்.

1986 செப்டம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் நடைபெற்ற டெஸ்ட் இதற்குத் தெளிவான சான்று. ஆஸ்திரேலியா 7 விக்கெட் இழப்புக்கு 574, 5 விக்கெட் இழப்புக்கு 170 என இரு இன்னிங்சையும் இடையிலேயே முடித்துக்கொண்டது. இந்தியா 397, 347 ஓட்டங்களை எடுத்தது. இரு அணிகளின் மொத்தமும் 744. கிரெக் மேத்யூஸ் பந்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. முறையில் ஆட்டமிழக்க, ஆட்டம் டையில் முடிந்தது. 1960 இல் பிரிஸ்பேனில் நிகழ்ந்ததற்குப் பிறகு டெஸ்ட் வரலாற்றில் நிகழ்ந்த இரண்டாவது டை இது. அந்தக் கடைசி விக்கெட் விழாமல் காலம் முடிந்திருப்பின், ஓட்டங்கள் ஒத்திருந்தும் அது டிராவாகவே பதிவாகியிருக்கும்.

'சமநிலை' என்னும் தமிழ்ச்சொல்லை இவ்விரண்டிற்கும் வழங்குவது வேறுபாட்டை அழித்துவிடுகிறது. டையைச் 'சமன்' என்றும், டிராவை 'வெற்றி தோல்வியின்றி முடிந்தது' என்றும் பிரித்து வழங்குவது பொருத்தமானது. முன்னது எண்ணின் ஒப்புமையைக் கூறுகிறது. பின்னது முடிவின் இன்மையைக் கூறுகிறது.

7. வினைகளும் பெயர்களும்

தமிழில் விளையாட்டுக் கடன்சொற்கள் பெரும்பாலும் பெயராகவே நுழைகின்றன. வினையைத் தமிழே வழங்குகிறது. 'அவுட் ஆனார்', 'அவுட் ஆக்கினார்', 'கேட்ச் பிடித்தார்', 'கேட்சைத் தவறவிட்டார்', 'விக்கெட்டைப் பறித்தார்', 'விக்கெட்டை இழந்தது' ஆகிய தொடர்களில் யார் செய்தார், யாருக்கு நேர்ந்தது என்பதைத் தமிழ் வினையே தெரிவிக்கிறது. விக்கெட்டை இழப்பது அணி; பறிப்பது பந்துவீச்சாளர். 'கேட்ச் பிடித்தார்' என்பதில் பொருள் இருமுறை வருவதாகக் குறை கூறப்படுவதுண்டு. அங்கு 'கேட்ச்' என்பது பிடித்தல் என்னும் செயலைவிட, ஆட்டமிழக்கச் செய்யும் ஒரு வாய்ப்பையே குறிக்கிறது என்பதைத் 'தவறவிட்டார்' என்னும் வழக்கு உறுதிப்படுத்துகிறது.

பெயர்களில் பால் வேறுபாடு குறித்த ஒரு செய்தியும் கருதத்தக்கது. கிரிக்கெட் விதிகளைப் பேணும் மெரிலிபோன் கிரிக்கெட் கிளப், 2021 செப்டம்பரில் 'பேட்ஸ்மேன்' என்னும் சொல்லை நீக்கிப் 'பேட்டர்' என்னும் பொதுச்சொல்லை விதிநூலில் ஏற்றது. தமிழின் 'மட்டையாளர்', 'பந்துவீச்சாளர்' என்னும் சொற்கள் தொடக்கம் முதலே இருபாற்கும் பொதுவானவை. 'வீரர்', 'வீராங்கனை' என்று பிரியும் வழக்கைவிட 'ஆளர்' ஈறு இங்குக் கூடுதல் பயனுடையது.

தமிழகமும் இலங்கையும் ஒரே பொருளுக்கு வெவ்வேறு சொற்களைத் தேர்ந்துள்ளன. தமிழகத்தில் 'மட்டை', இலங்கையில் 'துடுப்பு'. தென்னை மட்டையை வெட்டி ஆடும் சிறுவர் விளையாட்டு முன்னதை நினைவூட்ட, படகுத் துடுப்பின் வடிவம் பின்னதற்கு அடிப்படையாகிறது. கால்பந்து, உதைபந்து, தொடர் ஓட்டம், அஞ்சலோட்டம், நீளம் தாண்டுதல், நீளம் பாய்தல் ஆகியனவும் இத்தகையவை. தமிழகத்தில் வாலிபாலுக்குக் 'கைப்பந்து' என்னும் பெயர் வழங்குவதால், ஹேண்ட்பாலுக்குத் தமிழ்ப்பெயர் தேடும்போது இடர்ப்பாடு தோன்றுகிறது. இலங்கையின் 'கரப்பந்து' இவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்கிறது. ஒரு நிலத்தின் வழக்கு மற்றொரு நிலத்தின் குறையை நிரப்பவல்லது என்பதற்கு இது சான்று.

8. எதிர்த்திசைப் பெயர்ச்சி: கபடி

மேற்கூறிய மயக்கங்கள் அயல்நாட்டு ஆட்டத்துக்கு மட்டும் உரியன அல்ல. சடுகுடு என்றும் கபடி என்றும் வழங்கும் ஆட்டத்தில், மூச்சடக்கி எதிரணிக் களத்துக்குச் செல்வதைப் 'பாடிச் செல்லுதல்' என்பது ஊர்ப்புற வழக்கு. 2014 இல் புரோ கபடி லீக் தொடங்கிய பின்னர் 'ரெய்டு', 'டேக்கிள்', 'டூ ஆர் டை ரெய்டு' முதலிய சொற்கள் தொலைக்காட்சி வழியே பரவின. சடுகுடு ஆடி வளர்ந்த முதியவர், தாம் நன்கறிந்த ஆட்டத்திலேயே பொதுப் பார்வையாளராக மாறும் நிலை இதனால் உருவாகியுள்ளது. புள்ளி பெறாத இரண்டு பாடல்களுக்குப் பின் வரும் மூன்றாவது பாடலில் புள்ளி பெறாவிடில் பாடிச் சென்றவர் வெளியேற வேண்டும் என்று கூறினால், அவருக்கு 'டூ ஆர் டை ரெய்டு' உடனே விளங்கும்.

ஒரே சொல் இரு ஆட்டங்களில் வேறுபடுவதற்கு 'ஆல் அவுட்' எடுத்துக்காட்டாகும். கிரிக்கெட்டில் பதினொருவருள் பதின்மர் ஆட்டமிழந்தாலே அணி 'ஆல் அவுட்'. இணையின்றி ஒருவர் ஆட இயலாது என்பதே காரணம். அத்துடன் அவ்வணியின் இன்னிங்ஸ் முடிகிறது. கபடியில் களத்திலுள்ள எழுவரும் வெளியேறினால் 'ஆல் அவுட்'. எதிரணிக்கு இரண்டு கூடுதல் புள்ளிகள் கிடைக்கின்றன. எழுவரும் மீண்டும் களம் புகுகின்றனர். முன்னதில் அது முடிவு, பின்னதில் இடைநிகழ்வு.

முடிவுரை

பொதுப் பார்வையாளரை அளவுகோலாகக் கொண்டு நோக்கும்போது மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, கண்ணால் காணத்தக்க பொருள்களுக்கும் செயல்களுக்கும் தமிழ் ஆக்கச்சொற்கள் நன்கு பயன்படுகின்றன. ஆடுகளம், மட்டையாளர், ஆட்டமிழப்பு, சுழற்பந்து ஆகியன அவ்வாறு வேரூன்றியவை.

இரண்டாவதாக, விதியையோ கணக்கீட்டையோ குறிக்கும் சொற்களில் தமிழ்ச்சொல்லின் எளிமையே மயக்கத்துக்குக் காரணமாகலாம். சராசரி, வித்தியாசம், சமநிலை ஆகியவற்றை வழங்கும்போது அவை குழூஉக்குறிகளாக நிற்பதை உணர்ந்து, பொருள் வரையறையையும் உடன் தருதல் வேண்டும்.

மூன்றாவதாக, விளக்கும் ஆற்றல் தனிச்சொல்லில் மட்டும் அடங்கியதன்று. 'இழப்புக்கு' என்பதிலுள்ள 'கு' உருபும், 'ரன் எடுத்தார்' என்பதிலுள்ள வினையும், எந்தக் கலைச்சொல் அகராதியிலும் இடம்பெறாமலேயே ஆட்டத்தின் அடிப்படையைப் புதியவருக்குக் கற்பித்துவருகின்றன. ஆகவே, விளையாட்டுக் கலைச்சொல் அகராதி தொகுப்போர் சொல், பொருள் என்னும் இரு கூறுகளுடன் நிறுத்தாமல், அச்சொல் ஏற்கும் வினை, வழங்கும் தொடர், தோன்றக்கூடிய தவறான பொருள் ஆகிய மூன்றையும் சேர்த்துத் தருவது பயனளிக்கும். அத்தகைய அகராதியில் 'விக்கெட்' என்னும் சொல்லுக்கு நேர்ச்சொல் ஒன்று இடம்பெறாமற்போனாலும் குறையில்லை. '7 விக்கெட் வித்தியாசம்' என்பதைப் படிப்பவர் ஏழு எதைக் குறிக்கிறது என்று அறிந்துகொண்டால், அகராதியின் பணி நிறைவேறிவிடும்.